சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

வங்காளத்தில், டாக்குரியா ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது மாடி ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேஜையில் கூட்டம் கூடியது. தலைமை வகித்தவர் வெங்கட்ராமன். முந்தின நாள்தான் மனைவி ராஜலக்ஷ்மியுடன் சென்னையிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் நடத்தும் பழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"முதல் விஷயம்," என்றார். "நாகுவுக்கு எதுவும் தெரியக் கூடாது."

நாகு என்ற நாகலக்ஷ்மி, வெங்கட்ராமனின் தம்பி மஹாதேவனுடைய மனைவி, உள் அறையில் படுத்திருந்தாள். சினைப்பையில் புற்றுநோய். ஆபரேஷன் ஆகி, கீமோ ஆகி, 'ரொம்ப ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்சாச்சு' என்று எல்லோரும் அவளிடம் சொல்லி முடித்த பிறகு, அது கல்லீரல் வரை போயிருப்பது தெரிந்தது. டாக்டரம்மா மஹாதேவனையும் மகள் மாதவியையும் உட்கார வைத்துச் சொன்னார்: இன்னொரு மருந்து இருக்கிறது. குணப்படுத்தாது. கொஞ்ச காலம் தள்ளிப் போடலாம், போடாமலும் போகலாம். உடம்பைப் படுத்தும். வேண்டுமா வேண்டாமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?

நாங்களே சொல்கிறோம் என்று மாதவி எழுந்துகொண்டாள். வெளியே வந்ததும் மஹாதேவன் செய்த முதல் காரியம், சென்னைக்கு ஃபோன் போட்டு அண்ணாவிடம் அழுதது. அதன் விளைவுதான் மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"அம்மாவையே கேக்கணும்னு டாக்டர் சொன்னா, பெரியப்பா," என்றாள் மாதவி.

"கேக்கச் சொல்லுவா. பொறுப்பைத் தள்ளி விடறது வேற எப்படி? இவளுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவா. அப்புறம் எந்த மருந்தும் பிடிக்காது."

"அடுத்த வியாழக்கிழமை என்னன்னு சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போறது?"

"பூஸ்டர்னு சொல்லு."

"பூஸ்டரா?"

"கோவிட்டுக்குப் போட்டுக்கலையா எல்லாரும்? வியாதி சரியாயிடுத்து, திரும்பி வராம இருக்க பூஸ்டர். முடிஞ்சுது."

தான் கண்டுபிடித்த சொல்லை அவரே ரசித்துத் தலையாட்டினார். ராஜலக்ஷ்மியும் ஆட்டினாள். மஹாதேவன், அண்ணா ஆட்டினால் தானும் ஆட்டும் வழக்கப்படி, ஆட்டினார். பூனாவிலிருந்து வீடியோவில் கலந்துகொண்ட மகன் கிரீஷ், வாயைத் திறந்தபடி உறைந்து போயிருந்தான். நெட்வொர்க் கோளாறு. அவனுக்கு இது அப்ரைசல் மாதம், வர முடியாது. உறைந்து போயிருந்ததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அம்மா டெலிஃபோன்ஸ்ல இருந்தவ, பெரியப்பா. ட்ரங்க் கால் காலத்துலேர்ந்து ஜனங்க குரலைக் கேட்டுண்டே இருந்தவ. பொய் சொன்னா கண்டுபிடிச்சுடுவா."

"அதனாலதான் சொல்றேன். நீ கம்மியா பேசு."

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஆதரவு கிடைக்க ஆரம்பித்தது.

ஆதரவு காலை ஐந்தரைக்கு எழுந்துவிடும். வெங்கட்ராமனுக்குச் சர்க்கரை இல்லாத காபி, ராஜலக்ஷ்மிக்குச் சர்க்கரை தூக்கலாக, பாலை மறுபடி காய்ச்சக் கூடாது. டிபனுக்கு வெங்காயம் ஆகாது. மாடிப்படியில் மீன் வாசனை அடிக்கிறது, இந்த ஊரில் ஒருத்தருக்கு உடம்பு எப்படித் தேறும் என்று ராஜலக்ஷ்மி மூக்கைப் பொத்திக்கொண்டு வியந்தாள். பவானிபூரில் பிறந்து அதே வாசனையில் அறுபத்துச் சொச்ச வருடம் நன்றாக இருந்த நாகலக்ஷ்மி இதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். முள் சீத்தா இலையைக் காய்ச்சி ஒரு கஷாயமும் தினமும் வந்தது. யூட்யூபில் ஒருவர் அதைக் குடித்து எழுந்து நடந்தாராம். ராஜலக்ஷ்மி அந்தப் பக்கம் திரும்பியதும், நாகலக்ஷ்மி மாதவியிடம் அதை ஜன்னலோரத் தொட்டியில் ஊற்றச் சொன்னாள். குரோட்டன்ஸ் வாடிவிட்டது.

லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கவனிக்க உட்கார்ந்த மாதவி, இப்போது ஆதரவைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

இது போதாதென்று வெங்கட்ராமன் ஒரு வாட்ஸப் குழு தொடங்கி, ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களையெல்லாம் வரவழைத்தார். நாகு தனியாக இருப்பதாக நினைக்கக் கூடாதாம். மாலை நான்கு மணியிலிருந்து வந்தார்கள். லிஃப்ட் வாசலிலேயே அவர்களை நிறுத்தி அவர் பாடம் எடுத்தார். அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. அழக் கூடாது. நார்மலாக இருக்க வேண்டும்.

நார்மலாக இருந்தார்கள். நார்மலாக இருப்பது எப்படி என்று முதல் தடவையாக யோசிப்பவர்களைப் போல இருந்தார்கள். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, மெட்ரோவில் கூட்டம் அதிகமாகிவிட்டதைப் பற்றியும், பூஜை லீவுக்கு டிக்கெட் கிடைக்காததைப் பற்றியும், படுத்திருப்பவள் அடுத்த வாரம் டிக்கெட் எடுக்கப் போகிறவள் மாதிரி பேசினார்கள். அவள் வயிற்றை மட்டும் பார்க்கவில்லை. நீர் கோத்து உயர்ந்திருந்த அந்த வயிற்றைத் தவிர அறையில் எல்லாவற்றையும் பார்த்தார்கள். காலண்டரை அவ்வளவு பேர் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தவள் ஷியாமளா. காளிகாட் பக்கம் இருப்பவள், நாகலக்ஷ்மிக்குப் பல வருடச் சிநேகிதி. இட்லியும் கொத்தமல்லிச் சட்னியும் கொண்டு வந்திருந்தாள்.

"நன்னா இருக்கியே நாகு. முகமெல்லாம் பூசினாப்ல இருக்கு."

"ஸ்டீராய்டு," என்றாள் நாகலக்ஷ்மி. "நீயும் ரெண்டு போட்டுக்கோ. கன்னம் ஒட்டிக் கிடக்கு."

ஷியாமளா ஒரு விநாடி அதிகமாகவே சிரித்தாள். தன் மருமகள் கொலு பொம்மையை உடைத்த கதையைச் சொன்னாள். பாதிக் கதையில் குரல் கம்மியது. தண்ணீர் குடிக்கிற மாதிரி ஹாலுக்கு வந்தாள். ராஜலக்ஷ்மி அவள் முதுகைத் தடவினாள். வெங்கட்ராமன் செருப்பை எடுத்து நகர்த்திக் கொடுத்தார். மூன்று பேரும் ஓசைப்படாமல் லிஃப்ட் வரை போனார்கள்.

"மாதவி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாதவி இட்லியைத் தட்டில் எடுத்துக்கொண்டு போனாள்.

"ஷியாமளா எங்கே?"

"போயாச்சும்மா."

"சொல்லிண்டாளா?"

"என்னது?"

"போயிட்டு வரேன்னு சொன்னாளா? எங்கிட்ட சொல்லலை. உங்கிட்ட?"

மாதவி யோசித்தாள். "அவசரமா கிளம்பினா..."

"நேத்திக்கு சாய்ராமும் அவன் ஆம்படையாளும் வந்தாளே, அவா சொல்லிண்டாளா?"

"கவனிக்கலைம்மா."

"நான் கவனிச்சேன். படுத்துண்டு வேற என்ன வேலை எனக்கு? ஞாயித்துக்கிழமையிலேர்ந்து வரா, உக்காரறா, காலண்டரைப் பாக்கறா, எழுந்து போறா. ஒருத்தர் வாயிலேர்ந்தாவது 'வரேன் நாகு'ன்னு வந்துதா? இந்த ஷியாமளா, வாசல்ல நின்னு போயிட்டு வரேன் போயிட்டு வரேன்னு முக்கால் மணி நேரம் பேசறவ. அவளுக்காகவே நான் அடுப்பை அணைச்சுட்டு வழியனுப்பப் போவேன். இன்னிக்குப் பூனை மாதிரி போறா." நாகலக்ஷ்மி தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தாள். "நம்ம மனுஷா சொல்லிக்காம கிளம்பற வீடு எதுடி?"

மாதவிக்குத் தெரியும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் மட்டும்தான் அப்படி. திரும்ப வருகிறேன் என்று சொன்னால் அந்த வாசலுக்கு மறுபடி அதே காரியத்துக்கு வர நேரும் என்று வாயை மூடிக்கொண்டு எழுந்து வருவார்கள். சின்ன வயதில் அப்படி ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் 'டாட்டா' சொல்லப் போய், இதே அம்மாதான் தொடையில் கிள்ளினாள்.

வெங்கட்ராமன் எல்லோருக்கும் எதைச் சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார். எதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க விட்டுப்போய்விட்டது. வந்தவர்கள் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. காரியம் நடந்த வீட்டிலிருந்து எப்படி எழுந்து போக வேண்டும் என்று அவர்கள் கால்களுக்கே தெரிந்திருந்தது. அந்தக் கால்கள்தான் நடந்தன.

"மாடி வீட்டு மேக்னா தினம் கார்த்தால காலேஜுக்குப் போறச்சே எட்டிப் பாத்து 'ஆஷ்சி மாஷிமா'ங்கறா," என்றாள் நாகலக்ஷ்மி. "போறேன்னு சொல்ல மாட்டா பெங்காலிக்காரா, வரேன் மாமின்னுதான் சொல்லுவா. அவளுக்கு உன் பெரியப்பா பாடம் எடுக்கலை போலருக்கு. அவ ஒருத்திக்குத்தான் நான் இன்னும் உசிரோட இருக்கேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பூஸ்டர்னா என்ன?"

ஹாலில் வெங்கட்ராமன் யாருக்கோ ஃபோனில், ஷி இஸ் ரெஸ்பாண்டிங் வெரி வெல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதவி கதவைச் சாத்தினாள். கட்டிலில் உட்கார்ந்தாள். தமிழில் ஆரம்பிக்கப் பார்த்தாள். அம்மா, அது வந்து, என்பதற்கு மேல் தமிழ் நகரவில்லை. வீட்டுத் தமிழில் அவளுக்குச் சாப்பிட வரும், சண்டை போட வரும், கெஞ்ச வரும். இதற்கு அதில் வாக்கியம் இல்லை. டாக்டரிடம் பெங்காலியில் கேட்டது பெங்காலியிலேயே வெளியே வந்தது.

"ஆர் ஷார்பே நா, மா."

இனிமேல் குணமாகாது. மூன்றே சொல்.

நாகலக்ஷ்மி இட்லித் தட்டைப் பார்த்தாள். ரயில் ஒன்று ஸ்டேஷனில் நின்று, கிளம்பிப் போனது.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"உங்கப்பாவுக்கு?"

"தெரியும்."

"அதான். ரெண்டு வாரமா எதைச் சொன்னாலும் சரிங்கறார். ஃபேனைக் கூட்டுன்னா சரி, குறைன்னா சரி. முப்பத்தெட்டு வருஷத்துக்கப்புறம் மனுஷன் திருந்திட்டார்னு நான் சந்தோஷப்பட்டுண்டு இருக்கேன்." கையை நீட்டி மாதவியின் முழங்காலைப் பிடித்தாள். பிடி வலித்தது. "எங்கிட்ட ஏண்டி சொல்லலை?"

மாதவி அழுதாள். நாகலக்ஷ்மி அழவிட்டாள். தடுக்கவுமில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

"போறும், மூஞ்சியைத் துடை. வியாழக்கிழமை டாக்டர்ட்ட நானே பேசிக்கறேன். அது வரைக்கும் வெளில மூச்சு விடாதே. உன் பெரியப்பா இன்னும் ரெண்டு நாள் பூஸ்டர் விக்கட்டும். ரிடையரானப்பறம் அவர் இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்லை."

அந்த இரண்டு நாளில் மாதவிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அம்மா வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறாள். மாதவி எல்லாவற்றையும் யோசித்து வைத்தாள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வலிக்கு மருந்து கொடுக்க வீட்டுக்கு வரும் நர்ஸ் ஒருத்தியை மேக்னாவுக்குத் தெரியும். பெரியப்பா கத்தினால் என்ன பதில், கிரீஷ் கேட்டால் என்ன பதில், எல்லாம் தயார். அம்மாவின் முடிவை அம்மாவுக்கு முன்னால் எடுத்து, மடித்து, பீரோவில் வைத்துவிட்டாள். அவளுக்கும் வெங்கட்ராமனுக்கும் இதில் இருந்த வித்தியாசம், அவர் சத்தமாகச் செய்தார் என்பதுதான்.

வியாழக்கிழமை பைபாஸ் பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டரின் அறைக்குள் வெங்கட்ராமன் முதலில் நுழைந்தார். அவருக்குப் பின்னால் சக்கர நாற்காலி, மாதவி, கடைசியாக மஹாதேவன்.

"டாக்டர், பிஃபோர் வி ஸ்டார்ட்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். நோயாளியின் மனநிலையைக் கருதிச் சில விஷயங்களைத் தம்முடன் தனியாகப் பேசினால் நல்லது என்றார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் யார்?"

"ஐ ஆம் தி எல்டர் ஆஃப் தி ஃபேமிலி."

"ஓ," என்றார் டாக்டரம்மா, அது ஏதோ ஒரு பழைய வியாதியின் பெயர் என்பது போல. பிறகு நாகலக்ஷ்மியிடம் திரும்பி, "சொல்லுங்கள் மாஷிமா," என்று பெங்காலியில் ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் பெங்காலியில் நடந்தது. வெங்கட்ராமனுக்கு அதில் ரசகுல்லா தவிர எதுவும் தெரியாது.

"போட்டுக்கொண்டால் என்ன ஆகும், போட்டுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும், இரண்டையும் சொல்லுங்கள்," என்றாள் நாகலக்ஷ்மி. "நடுவில் 'பார்ப்போம்' என்று மட்டும் சொல்லாதீர்கள்."

டாக்டரம்மா சொன்னார். சுற்றி வளைக்காமல், அதே சமயம் அவசரப்படாமல் சொன்னார். போட்டால் வாந்தி, வாய்ப்புண், அசதி. சில மாதம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். போடாவிட்டால் காலம் குறைவு, ஆனால் வலியில்லாமல் பார்த்துக்கொள்ள வழி உண்டு. மஹாதேவன் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று வெங்கட்ராமன் மாதவியை இடித்தார்.

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும், பெரியப்பா."

அவர் வாய் திறந்தபடி நின்றது. இதில் நெட்வொர்க்குக்குச் சம்பந்தமில்லை.

"நடுவில் நிறுத்தலாமா?" என்று கேட்டாள் நாகலக்ஷ்மி.

"எப்போது வேண்டுமானாலும்."

"யார் சொன்னால் நிறுத்துவீர்கள்?"

"நீங்கள் சொன்னால்."

"இவர்கள் சொன்னால்?"

டாக்டரம்மா எதிரே இருந்தவர்களை வரிசையாகப் பார்த்தார். "உங்களைக் கேட்பேன்."

"சரி. போடுங்கள்."

மாதவி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். "அம்மா, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா."

"வேணும்னா வேணும்னும் சொல்லலாமோல்லியோ?"

"இல்லம்மா, நான் நெனச்சேன்..."

"நீயும் நெனச்சியா? இந்த வீட்டுல நான் ஒருத்திதான் நெனைக்காம இருந்திருக்கேன்." நாகலக்ஷ்மி புடவைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். "எனக்குக் கொஞ்ச நாள் வேணும்டி. பெரிய காரியம் ஒண்ணுமில்லை. கல்யாணம் பாக்கணும், காசி போகணும்னு எதுவும் கிடையாது. சும்மா இருக்கணும். ஜன்னல்கிட்ட உக்காந்துண்டு, போறவா வரவாளைப் பத்தி ஏதாவது சொல்லிண்டு. கிடைச்சா கிடைக்கட்டும். கிடைக்கலைன்னா நானே போறும்னு சொல்றேன்."

டிரிப் ஏற்ற அறை தயாராகும் வரை வெளியே உட்கார்ந்திருந்தார்கள். வெங்கட்ராமன் சுதாரித்துக்கொண்டிருந்தார். ஜெனரல் மேனேஜர்கள் சீக்கிரம் சுதாரித்துக்கொள்வார்கள். ஃபோனை எடுத்து வாட்ஸப் குழுவில், "நம் அனைவரின் முயற்சியால் நாகு சிகிச்சைக்குச் சம்மதித்துவிட்டாள்" என்று போட்டார். கூப்பிய கைகள் சரம் சரமாக வந்து விழுந்தன.

"பாத்தியா மாதவி? எடுத்துச் சொல்ற விதத்துல சொன்னா கேப்பா."

"அண்ணா," என்றாள் நாகலக்ஷ்மி.

இத்தனை வருடத்தில் மைத்துனரிடம் அவள் நேரடியாகப் பேசியது குறைவு. 'உங்க அண்ணாட்ட சொல்லுங்கோ' என்று கணவர் வழியாகவே போகும். மஹாதேவன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, இனிமே யாரையும் அனுப்பாதீங்கோ. வந்தவா ஒருத்தர்கூடச் சொல்லிண்டு போகலை. எனக்குக் காரியம் பண்ணி முடிச்சுட்டா அவா."

வெங்கட்ராமனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது. "யாரும் வேணும்னு பண்ணலையேம்மா. பழக்கதோஷம்."

"அதான் அண்ணா. வேணும்னு பண்ணியிருந்தா சண்டை போட்டிருப்பேன். தெரியாம பண்ணியிருக்கா, அதை என்ன பண்றது?"

"நாங்க உனக்கு ஆதரவா இருக்கணும்னுதான்..."

"இருந்தேள். மாதவி நாலு கிலோ இளைச்சுட்டா. நீங்களும் மன்னியும் சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புங்கோ. கோவிச்சுக்காதீங்கோ. கோவிச்சுண்டாலும் கிளம்புங்கோ."

மஹாதேவன் அண்ணாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தலையை ஆட்டலாமா என்று யோசிப்பது தெரிந்தது. கடைசியில், "டிக்கெட்டை நான் பாக்கறேன்," என்றார். யார் பக்கமும் திரும்பாமல், தரையிடம் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு புரட்சி.

சனிக்கிழமை கிளம்பும்போது வெங்கட்ராமன், போயிட்டு வரேன் என்று கட்டிலருகில் நின்று மூன்று முறை சொன்னார். லிஃப்ட்டுக்குள் போய் நின்றும் ஒரு முறை சொன்னார். ராஜலக்ஷ்மி முள் சீத்தா இலை ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மருந்து தன் வேலையைக் காட்டியது. நாகலக்ஷ்மி காலையிலிருந்து வாந்தியெடுத்தாள். வெளியே வர ஒன்றும் இல்லாதபோதும் எடுத்தாள். உதடு வெடித்திருந்தது. மாதவி ஒரு கையால் அம்மாவின் நெற்றியையும் மறு கையால் வாந்திப் பேசினையும் பிடித்துக்கொண்டிருந்தாள். மஹாதேவன் துண்டோடு வாசற்படியில் நின்றார்.

சென்னையிலிருந்து ஃபோன் வந்தது. நிறுத்தக் கூடாது, வில் பவர் வேண்டும் என்றார் வெங்கட்ராமன். பூனாவிலிருந்தும் வந்தது. கிரீஷ் அழுதான். "நிறுத்தச் சொல்லு அக்கா. இது என்ன கொடுமை. யாராவது ஒரு முடிவெடுங்கோ." இவ்வளவு தெளிவாக அவன் குரல் எப்போதும் கேட்டதில்லை. மாதவி ஃபோனைக் கட்டிலில் குப்புறக் கவிழ்த்தாள்.

"அம்மா, அடுத்ததுக்கு வரலைன்னு டாக்டர்ட்ட சொல்லிடட்டுமா?"

நாகலக்ஷ்மி பேசினிலிருந்து முகத்தை எடுத்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. மஹாதேவன் நீட்டிய துண்டைப் பிடுங்கித் துடைத்துக்கொண்டாள். பேச மூச்சு போதவில்லை. காத்திருந்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினாள்.

"நான் சொன்னேனா?"

"இல்லம்மா."

"அப்போ?"

மாதவி பேசினை எடுத்துப் போய்க் கழுவினாள். திரும்பக் கொண்டுவந்து, அம்மாவின் மடிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள்.